போகச் சொன்ன கூட்டம், போகாத கேப்டன்: ஆர்சனலில் கிரானிட் ஷாக்கா, 2019–2023 (நிகழ்வு ஆய்வு)

ஆய்வின் எல்லை

2019 அக்டோபர் 27 அன்று லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் ஆர்சனல் கால்பந்து அணியின் கேப்டன் கிரானிட் ஷாக்கா சொந்த ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே களத்தை விட்டு வெளியேறினார். ஜெர்சியைக் கழற்றிக்கொண்டே, மாற்று வீரர்கள் அமரும் இடத்தில் நிற்காமல் நேரே உள்ளே போய்விட்டார். அதன்பின் பல வாரங்களுக்கு ஆர்சனல் ரசிகர்களிடையே ஒரே வாதம்தான் நடந்தது: இந்த மனிதர் இனி இந்த அணியில் இருக்கலாமா, கூடாதா?

அந்த வாதம் எங்கிருந்து கிளம்பியது, எந்தக் கட்டத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். வீரர்களும் பயிற்சியாளர்களும் பொதுவாழ்வில் இருப்பவர்கள் என்பதால் பெயரோடு வருகிறார்கள். இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் இங்கே பெயர் இல்லை. ஆனால் இந்த ஆய்வு முக்கியமாக அவர்களைப் பற்றியதுதான்.

பின்னணி

கிரானிட் ஷாக்கா 1992இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள். தந்தை அன்றைய யூகோஸ்லாவிய அரசை எதிர்த்துப் போராட்டத்தில் கலந்துகொண்டு சில ஆண்டுகள் சிறையில் இருந்தவர். மகன் பாசெல் அணியில் வளர்ந்து, 2012இல் ஜெர்மனியின் பொருசியா மொன்ஷென்கிளாட்பாக் அணிக்குப் போய், மிக இளம் வயதிலேயே அங்கே கேப்டன் ஆனார். 2016இல் அன்றைய பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் அவரை ஆர்சனலுக்கு அழைத்து வந்தார். கொடுத்த தொகை சுமார் 3.5 கோடி பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது.

அந்தத் தொகைக்கு ரசிகர்கள் எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு. 2005இல் நடுக்கள வீரர் பாட்ரிக் வியேரா போன பிறகு, நடுக்களத்தில் எதிரியை அடக்கி ஆளும் ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் ஆர்சனல் ரசிகர்களுக்கு நீண்ட காலமாக இருந்தது. ஷாக்காவின் பலம் இடது காலில் நீளமாகப் பிரித்துக் கொடுக்கும் பாஸ். பலவீனம், பந்தோடு திரும்புவதில் மந்தம். யாராவது தன்னைக் கடந்து ஓடினால் காலை நீட்டி விழவைத்துவிடுவார். பெனால்டியும் அட்டைகளும் அப்படித்தான் வந்தன. 2019 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் பெனால்டி எல்லைக்குள் சன் ஹியூங்-மின்னை அவர் வீழ்த்தியது அப்போதைய ஆத்திரத்தில் எண்ணெய் ஊற்றியது.

அணியின் நிலையும் நன்றாக இல்லை. வெங்கர் 2018இல் விலகிய பின் வந்த பயிற்சியாளர் உனாய் எமெரியின் முதல் சீசன் லீக்கில் ஐந்தாம் இடத்தோடும், பாகுவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் செல்சியிடம் 4–1 தோல்வியோடும் முடிந்தது. அடுத்த கோடையில் கேப்டன் லாரன்ட் கோசியெல்னி அணியோடு அமெரிக்கப் பயணத்துக்கு வர மறுத்து, பிறகு ஃபிரான்ஸுக்கே திரும்பிவிட்டார்.

காலியான கேப்டன் இடத்துக்கு எமெரி வீரர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். அவர்கள் முன்னிறுத்தியது ஷாக்காவை. செப்டம்பர் 27 அன்று அறிவிப்பு வந்தது. உடைமாற்றும் அறைக்குள் மதிப்புப் பெற்றிருந்த ஒருவரை, இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் அப்போதே பொறுத்துக்கொள்ள முடியாமல் இருந்தார்கள். இந்த இடைவெளியை யாரும் ரசிகர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. வீரர்கள் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த எது நமக்குத் தெரியவில்லை என்று ரசிகர்கள் யோசிப்பதற்கு எந்தப் பிடியும் தரப்படவில்லை. இந்த நிகழ்வின் முதல் பிழை இதுதான் என்பது என் கணிப்பு.

அன்று கண்டது

எதிரணி கிரிஸ்டல் பேலஸ். ஆட்டம் தொடங்கி 9 நிமிடங்களுக்குள் சோக்ராட்டிஸும் டேவிட் லூயிஸும் ஆளுக்கொரு கோல் போட, ஆர்சனல் 2–0 என்று முன்னே போனது. பிறகு பேலஸ் தரப்பில் மிலிவொயேவிச்சின் பெனால்டி, இடைவேளைக்குப் பின் ஜோர்டான் ஆயூவின் தலைமுட்டு. 2–2. கையில் இருந்த ஆட்டம் நழுவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், 61ஆவது நிமிடத்தில், மாற்றுப் பலகையில் ஷாக்காவின் எண் 34 ஏறியது.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டும். பின்னால் நடந்த வாதம் முழுக்க இதைக் குழப்பிக்கொண்டது.

முதலில் வந்தது கூச்சல் அல்ல, ஆரவாரம். தங்கள் கேப்டனை வெளியே எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பகுதி மகிழ்ந்து கைதட்டியது. அதைக் கேட்ட பிறகே அவர் நடையைத் தளர்த்தினார். வெற்றிக்கு இன்னொரு கோல் தேவைப்படும் அணியின் வீரர் இப்படி ஆடி அசைந்து போகிறாரே என்று இரண்டாவது கோபம் கிளம்பியது. அதுதான் கேலிக்கூச்சல். அவர் கைகளை உயர்த்தி ‘இன்னும் கத்துங்கள்’ என்பதுபோலக் காட்டினார். காதருகே கையை வைத்தார். வாயில் ஒரு வசவு வந்தது. கேப்டன் பட்டை சக வீரர் ஓபமேயாங்கின் பக்கம் போனது. ஜெர்சியைக் கழற்றினார், உள்ளே போனார். அவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர் அப்போது பதினெட்டே வயதான புகாயோ சாகா.

மெதுவாக நடந்தார் என்பதற்காகக் கத்தியவர்களின் கோபம் அந்த நிமிடத்துக்கு உரியது. அதில் ஒரு நியாயமும் உண்டு. பலகையில் எண் ஏறியதுமே ஆரவாரம் செய்தவர்களின் கோபம் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்தது. மறுநாள் ‘ரசிகர்கள் கத்தியது சரியா’ என்று கேட்டபோது, ஒரு தரப்பு மெதுநடைக்கு எழுந்த கூச்சலை மட்டும் சொல்லித் தன்னை நியாயப்படுத்தியது. மறுதரப்பு அதற்கு முந்தைய ஆரவாரத்தை மட்டும் சொல்லிக் குற்றம்சாட்டியது. இருவரும் பேசியது வெவ்வேறு நொடிகளைப் பற்றி.

இந்த மைதானத்துக்கு இது புதிதும் அல்ல. 2008 டிசம்பரில் விகன் அணிக்கு எதிரான ஆட்டத்தில், காயத்திலிருந்து மீண்டு மாற்று வீரராக இறங்கிய எமானுவேல் எபூவேயை இதே எமிரேட்ஸ் கூட்டம் கூச்சலிட்டே வெளியே அனுப்பியது. அன்று ஆர்சனல் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. பின்னாளில் அதே எபூவே ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். அந்த அனுபவம் இருந்தும் 2019இல் அது யார் நினைவுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

ரசிகர்களின் வாதம்

போக வேண்டும் என்றவர்களை வெறும் கோபக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களில் ஒரு பகுதி சொன்னது விளையாட்டைப் பற்றிய நேரான விமர்சனம்: இவர் வேகத்துக்கு இங்கிலாந்து லீக் சரிப்படாது, பெரிய ஆட்டங்களில் ஒரு பிழையாவது செய்வார், இவரைச் சுற்றி அணி கட்டினால் நான்காம் இடத்துக்கு மேல் கனவு காண முடியாது. இன்னொரு பகுதிக்கு ஆட்டத்திறன் பிரச்சினையே இல்லை. ஜெர்சியைக் கழற்றியதுதான் பிரச்சினை. கேப்டன் என்பவர் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியவர், அந்தச் சட்டையை அவமதித்தவருக்கு மன்னிப்பு இல்லை என்றார்கள்.

இருக்க வேண்டும் என்றவர்களும் ஒரே குரலில் பேசவில்லை. அவர் மனிதர், உடைந்துபோனார், உடைத்தது நாம்தான் என்றனர் சிலர். வேறு சிலர் வேறு இடத்தைச் சுட்டினார்கள்: எமெரியின் அணியில் தடுப்பாளர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையே பெரிய வெற்றிடம் இருக்கிறது, அந்த வெற்றிடத்தைத் தனியாளாகக் காக்க இவரை நிறுத்தினால் காலை நீட்டத்தான் செய்வார், வேறு யாரை நிறுத்தினாலும் இதுதான் நடக்கும் என்று. எல்லாவற்றிலும் கூர்மையான வாதம் இதுவே என்று நான் நினைக்கிறேன். அப்போது மிகக் குறைவாகக் கேட்கப்பட்டதும் இதுதான்.

அக்டோபர் 31 அன்று ஷாக்காவின் அறிக்கை வெளிவந்தது. பல மாதங்களாக மைதானத்திலும் சமூக ஊடகத்திலும் வந்த வசைகள் தன்னை ஆழமாகக் காயப்படுத்தியதாக எழுதினார். காலை உடைப்போம், மனைவியைக் கொல்வோம், மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்றெல்லாம் வந்தவற்றை அவர் அதில் குறிப்பிட்டார். தன்னை ஆதரித்த ரசிகர்களையும் அவமதிப்பதுபோல நடந்துகொண்டதற்கு வருத்தமும் தெரிவித்தார்.

அறிக்கையால் வாதத்தின் தொனி மாறியது, முடிவு மாறவில்லை. மிரட்டல்களை எல்லோரும் கண்டித்தார்கள். ஆனால் ‘அது வேறு, இது வேறு, அவர் போகத்தான் வேண்டும்’ என்பது பலரின் நிலையாக நீடித்தது. நேரடியாக மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம்தான் சொல்கிறார் என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. பிறந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தையின் பெயரால் சாபம் வாங்கியவரின் கடிதத்தில் சொல்குற்றம் தேடுவது என்னால் ஏற்க முடியாத ஒன்று.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

எமெரி அன்றிரவே ஷாக்கா செய்தது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். அதன்பின் அணியிலிருந்து விலக்கி வைத்தார். நவம்பர் 5 அன்று அவர் இனி கேப்டன் அல்ல என்று அறிவித்து, பட்டையை ஓபமேயாங்குக்குக் கொடுத்தார். பதவியைப் பறித்தது சரியான முடிவு. கூட்டத்தோடு மோதிக்கொண்ட ஒருவர் அடுத்த வாரமே அதே பட்டையோடு இறங்கியிருந்தால் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சண்டை நடந்திருக்கும். அவருக்கே அது தண்டனையாகியிருக்கும். தவறு தாமதத்தில் இருந்தது. சம்பவத்துக்கும் வீரரின் அறிக்கைக்கும் இடையே நான்கு நாள், முடிவுக்கு ஒன்பது நாள். அந்த இடைவெளியை யூகங்கள் நிரப்பின.

அணியும் சரிந்துகொண்டே போனது. நவம்பர் 28 அன்று ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் சொந்த மைதானத்தில் 2–1 என்று தோற்றது. ஷாக்கா திரும்ப இறங்கிய ஆட்டம் அது. இருக்கைகளில் பாதிக்கு மேல் காலி. மறுநாள் எமெரி நீக்கப்பட்டார்.

டிசம்பர் 20 அன்று மிகெல் ஆர்டெட்டா பொறுப்பேற்றார். ஒருகாலத்தில் இதே அணிக்குக் கேப்டனாக இருந்தவர். அந்த நேரத்தில் ஷாக்கா ஏறக்குறைய போய்விட்டார் என்றே சொல்லலாம். ஜெர்மனியின் ஹெர்தா பெர்லின் அணியோடு பேசி முடித்தாகிவிட்டது என்று அவருடைய முகவரே சுவிஸ் பத்திரிகை ஒன்றிடம் சொல்லியிருந்தார். பெட்டிகள் கட்டியாகிவிட்டது, பாஸ்போர்ட்டுகள் வெளியே எடுத்தாகிவிட்டது என்று ஷாக்கா பிறகு தானே எழுதினார். கண்ணை மூடினால் அன்று கத்தியவர்களின் முகங்கள் தெரிவதாகவும், அதில் தான் கண்டது பிடிக்காமை அல்ல, வெறுப்பு என்றும் எழுதினார்.

ஆர்டெட்டா அவரை உட்காரவைத்துப் பேசினார். மான்செஸ்டர் சிட்டியில் துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்திலேயே இவரை அங்கே எடுக்கலாமா என்று யோசித்திருந்ததாக ஆர்டெட்டா சொன்னார். ஆகவே அவர் தற்காத்தது அறிமுகமில்லாத ஒருவரை அல்ல. தன் திட்டத்தில் இவருக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆறுதல் வார்த்தைகளைவிட அந்தத் தெளிவுதான் ஷாக்காவை நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த வேலை இதுதான். பந்து தங்களிடம் இருக்கும்போது ஷாக்கா நடுவிலிருந்து இடதுபுறமாகப் பின்வாங்கி, தடுப்பாளர்களின் வரிசைக்கு அருகே நிற்பார். எதிரே ஆட்டம் முழுக்கத் தெரியும். முதுகுப் பக்கமிருந்து யாரும் பாய மாட்டார்கள். திரும்புவதில் உள்ள மந்தம் அங்கே வெளியே தெரியாது, இடது காலின் நீளப் பாஸ் முழுசாகப் பயன்படும். அவர் அந்த இடத்தைக் காப்பதால் இடது பின்கள வீரர் கவலையில்லாமல் முன்னே ஏறலாம். 2020 தொடக்கத்தில் அப்படி முன்னேறி ஆடிப் பேர்வாங்கிய இளைஞர் புகாயோ சாகா. அக்டோபரில் ஒருவருக்குப் பதிலாக மற்றவர் இறங்கிய அதே இருவர், சில மாதங்களில் ஒருவரை நம்பி ஒருவர் ஆடினார்கள்.

தொடர்ந்தவை

2020 ஜனவரி 1 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 2–0 என்று வென்ற அணியில் ஷாக்கா இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று செல்சியை 2–1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தபோதும் இருந்தார். ஆனால் அந்த இறுதியாட்டம் நடந்தது ஆளில்லாத வெம்பிளியில். கொரோனாவால் மாதக்கணக்கில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஷாக்கா மீண்டதற்கும் அந்தக் காலி இருக்கைகளுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. ‘ரசிகர்கள் மனம் மாறினார்கள்’ என்ற இனிமையான கதையை நான் முழுதாக நம்பாததற்குக் காரணம் அதுவே. கூட்டம் திருந்தியதால் அவர் தேறினாரா, கூட்டம் இல்லாததால் தேறினாரா என்பதைப் பிரித்துச் சொல்ல இந்த நிகழ்வில் வழியில்லை.

நேர்க்கோட்டில் ஏறியதும் இல்லை. 2020 டிசம்பரில் பர்ன்லி வீரரின் கழுத்தைப் பிடித்துச் சிவப்பு அட்டை வாங்கினார். 2021 மார்ச்சில் அதே பர்ன்லிக்கு எதிராக அவர் தன் கோல் எல்லைக்கு முன்னால் கொடுத்த பாஸ் எதிரணியின் கிறிஸ் வுட்டின் மேல் பட்டுக் கோலானது. 2021 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியிடமும் 2022 ஜனவரியில் லிவர்பூலிடமும் மேலும் இரண்டு சிவப்பு அட்டைகள். லீக்கில் ஆர்சனல் இரண்டு சீசன் தொடர்ந்து எட்டாம் இடம். ஒவ்வொரு முறையும் பழைய வாதம் உயிர்த்தது. 2021 கோடையில் ரோமா அணி கேட்டபோது ‘இப்போதாவது விற்றுத் தொலையுங்கள்’ என்றவர்கள் ஏராளம். தொகை ஒத்துவரவில்லை. ஆகஸ்டில் புது ஒப்பந்தமே போட்டார்கள்.

போக வேண்டும் என்றவர்கள் முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாதபடி இந்த இரண்டரை ஆண்டுகள் இருந்தன. அவர்கள் சுட்டிய குறைகள் அப்படியேதான் இருந்தன. மாறியது அவர் நின்ற இடம்.

2022–23இல் அந்த இடம் இன்னொரு முறை மாறியது. இடது பின்கள வீரர் சின்செங்கோ வந்து பின்களத்திலிருந்து நடுவுக்குள் நகர ஆரம்பித்ததால், ஷாக்கா முன்னேறி எதிரணியின் பெனால்டி எல்லைவரை போகும் இடது நடுக்கள வீரரானார். காலை நீட்டித் தடுக்க வேண்டிய கட்டாயம் வெகுவாகக் குறைந்தது. அந்த சீசனில் லீக்கில் 7 கோல். டாட்டன்ஹாமுக்கு எதிரான 3–1 வெற்றியின் மூன்றாவது கோல் அவருடையது. ஆர்சனல் பல மாதங்கள் முதலிடத்தில் இருந்து, இரண்டாம் இடத்தில் முடித்தது. முப்பது வயதில் ஒருவர் தன் சிறந்த சீசனை ஆடினார், அதுவும் கேப்டன் பட்டை இல்லாமல். அந்தப் பட்டை அப்போது மார்ட்டின் ஒடகார்டிடம் இருந்தது.

2023 மே 28, ஊல்வ்ஸ் அணியை 5–0 என்று வென்ற கடைசி ஆட்டத்தில் முதல் இரண்டு கோல்களையும் போட்டவர் ஷாக்கா. அவரை மாற்றியபோது மைதானம் எழுந்து நின்றது. அவர் விடைபெறப் போகிறார் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜூலையில் பாயர் லெவர்குசனுக்குப் போனார். தொகை சுமார் 2.15 கோடி பவுண்டு என்று செய்தி. ஆர்சனலுக்காக 297 ஆட்டங்கள், 23 கோல்கள், இரண்டு எஃப்.ஏ. கோப்பைகள். அடுத்த சீசனில் ஷாபி அலோன்சோ பயிற்சியளித்த லெவர்குசன் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் தன் வரலாற்றில் முதல் பண்டெஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டத்தை வென்றது. ஜெர்மன் கோப்பை இறுதியில் வெற்றிக்கான ஒரே கோலை அடித்தவரும் ஷாக்காதான். 2025இல் சண்டர்லாந்துக்காக இங்கிலாந்து திரும்பியபோது அங்கே அவரைக் கேப்டனாக்கினார்கள்.

மறுபடி நேர்ந்தால் மாற வேண்டியவை

கேப்டன் தேர்வு முதலில். வீரர்கள் வாக்களிப்பதில் பிழை இல்லை. ஆனால் ஏற்கெனவே முணுமுணுப்புக்கு ஆளான ஒருவரைக் கூட்டத்தின் முன் கேப்டனாக நிறுத்தும்போது, ஏன் இவர் என்று பயிற்சியாளரும் மூத்த வீரர்களும் ரசிகர்களிடம் பேச வேண்டும். 2008இல் காலாஸ், 2019இல் ஷாக்கா, 2021இல் ஓபமேயாங் என்று கேப்டன்களிடமிருந்து பதவியைப் பறித்துப் பழகிய அணி இது. பட்டையைக் கொடுக்கும் நாளில் எடுக்காத சிரமத்தை, பறிக்கும் நாளில் இரட்டிப்பாக எடுக்க வேண்டியிருந்தது.

சம்பவத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் அணி நிர்வாகம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். முடிவு அல்ல, என்ன விசாரிக்கிறோம், எப்போது சொல்வோம் என்பது போதும்.

ரசிகர்கள் தரப்பில் நான் முக்கியமாகக் கருதுவது, கேள்விகளைப் பிரித்துக் கேட்பதை. அவர் நடந்துகொண்டது சரியா? அவர் இந்த அணிக்குப் போதுமானவரா? அவரை நிறுத்தியிருக்கும் இடம் சரியா? முதல் கேள்விக்குக் கிடைத்த ‘இல்லை’யை மற்ற இரண்டுக்கும் விடையாக எடுத்துக்கொண்டதால்தான், 2020 ஜனவரியில் அவரை அனுப்பிவிட வேண்டும் என்பது அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்டிருந்தால் ஆர்டெட்டா கண்டதை வேறு பலரும் கண்டிருப்பார்கள். ஒரு வீரரை அனுப்புவது தவறான செயல் அல்ல. 2023இல் அவர் போனது அணிக்கும் அவருக்கும் நல்லதாகவே அமைந்தது, ஏனென்றால் அந்த முடிவை யாரும் ஆத்திரத்தில் எடுக்கவில்லை.

மிரட்டல்களுக்கு வேறு நடைமுறை வேண்டும். மைதானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வீரரின் குடும்பத்தை இழுத்தால் பணியாளரிடம் சொல்ல வேண்டும். சீசன் டிக்கெட்டை ரத்து செய்யும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது. இணையத்தில் வந்தவற்றை அணியே திரட்டிப் போலீசிடம் கொடுக்க வேண்டும். தன் மகளுக்கு வந்த சாபத்தை உலகத்துக்குப் படித்துக் காட்டும் வேலையை அந்தத் தகப்பனிடமே விட்டது 2019இன் மிகப் பெரிய தவறு. கடைசி ஆட்டத்தின் கைதட்டலால் அது சரியாகிவிட்டதாக நான் எண்ணவில்லை.